இடது பாதம்

ஃபாதர் மண்டியிட்டபடியே நெருங்கிவிட்டார். ஸ்டானிஸ்லாஸ் தன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கித் தாம்பாளத்தின் மேல் நீட்டி வைத்தார்.

கிள்ளான் கோயிலில் பெரிய வியாழன் பூசை. பாதம் கழுவ உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரில் வாக்கர் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

முதுகுத்தண்டுக்குள்ளே கட்டி. லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் வருமாம். அதிர்ஷ்டக் குலுக்கலில் ஒரு நாளும் விழாத பெயர் இதில் விழுந்தது.

அறுவை சிகிச்சையில் கட்டி போனது. கூடவே இடது பாதத்தின் உணர்ச்சியும் போனது. பயிற்சியில் நடை மெல்லத் திரும்பியது, பாதம் மட்டும் அடுத்தவருடையது போல ஒட்டாமல் கிடந்தது.

"வரும் அங்கிள். ஆனா வர்றப்ப கொஞ்சம் தாறுமாறாத்தான் வரும், சூடுகூடச் சில்லுன்னு தெரியலாம்," என்றாள் பிசியோ ஸ்டெஃபனி, அவர் மனைவியும் பக்கத்தில் இருக்க.

அது வரும்வரை ராத்திரிச் சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்று மனைவி டோரிஸ் ஒருசந்தி பிடித்தாள். அவள் கன்னம் ஒட்டிப்போவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

பண்டமாரானில் இருக்கும் வீட்டில் ஒரு காலை, வெந்நீரில் நனைத்த துண்டால் அவள் பாதத்தைத் துடைத்தாள். ஆவி பறப்பதைப் பார்த்துவிட்டு, "சுடுது லா," என்று சொல்லிவிட்டார்.

டோரிஸ் அழுதாள்.

பிறகு தினமும் துடைத்தாள், தினமும் கேட்டாள். அவரும் துண்டைப் பார்த்துப் பார்த்துச் சரியாகவே சொல்லிவந்தார். ராத்திரிச் சாப்பாட்டைச் சமைக்கும்போதே சாப்பிட்டுவிட்டதாக அவள் சொல்வாள். அவருக்கு அதுவே நிம்மதி.

இந்தப் பன்னிரண்டில் அவர் பெயரைச் சேர்த்ததும் அவள்தான். இடது காலைக் கழுவச் சொல்லி ஃபாதரிடம் கேட்டுக்கொண்டதும் அவள்தான். நன்றிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தன் பொய்யை நடுக்கோயிலில் வைத்துக் கழுவப்போகிறார்களே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சில்லென்று ஏதோ பாதத்தில் ஊர்ந்தது. கணுக்கால் வரை ஏறியது.

ஸ்டானிஸ்லாஸ் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பியதும் அவரால் வாயை அடக்க முடியவில்லை. "தண்ணி ஐஸ் மாதிரி இருந்துச்சு," என்றார் டோரிஸின் காதில்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடுதண்ணிங்க அது. வீட்டுல காய்ச்சி ஃபிளாஸ்க்ல கொண்டாந்து கொடுத்ததே நான்தான்."

இத்தனை நாளும் சரியாகச் சொன்னவர் இன்றைக்குத்தான் தப்பாகச் சொல்லியிருந்தார்.

டோரிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போற வழியில ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டுப் போவோம்," என்றாள் மெதுவாக. "ராத்திரி சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."