தொடாத காபி

ஹாயில் நகரிலிருந்து வந்த மனைவியின் அண்ணன் நவ்வாஃப், முத்லக் ஊற்றிக் கொடுத்த காபியைத் தொடாமல் கீழே வைத்தான். ஏதோ கேட்க வந்திருக்கிறான். சரியென்று வாக்குக் கொடுத்தால்தான் குடிப்பான்; அது அவர்கள் குல வழக்கம்.

முத்லக்குக்குப் புரிந்துவிட்டது. ரியாதுக்குக் குடிவந்த நாளாய், "இம்மாம் பெரிய வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆளில்ல, ஊருக்கே போறேன்" என்கிறாள் மனைவி வதா. கூட்டிப் போக அண்ணன் வந்தாயிற்று.

"காபி ஆறுது மச்சான்."

"ஆறட்டும் மாப்ள."

"வதா இங்க நல்லாத்தான் இருக்கா."

"போன்ல சொன்னா."

விருந்தாளி குடிக்காமல் எழுந்துபோனால் குலத்துக்கே அவமானம்.

"குடி மச்சான். நீ எதைக் கேட்டாலும் கொடுத்தாச்சு."

நவ்வாஃப் ஒரே மடக்கில் குடித்தான். "மாடியில அஞ்சு ரூம் சும்மா கிடக்காமே. நாங்களும் இங்கயே வந்துடறோம்."

"நாங்கன்னா?"

வெளியே வதா கேட்டைத் திறந்துவிட்டிருந்தாள். இரண்டாவது வண்டியிலிருந்தும் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.