ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை

"அஞ்சு நிமிசம் ஒரு இடத்துல உக்காராது டாக்டரம்மா. படிக்கச் சொன்னா பாதியிலயே எழுந்து ஓடுது. வாத்தியாருதான் உங்ககிட்ட காட்டச் சொன்னாரு" என்று பொரிந்து தள்ளினாள் சேலியமேட்டுத் தனக்கொடி.

டாக்டர் உமையாளுக்கு எரிச்சலாக வந்தது. அதற்குள் அவளோடு வந்த பையன் எடை மெஷின் மேல் ஏறிக் குதித்து, மருந்து பாட்டிலை உருட்டி, ஜன்னல் திரையையும் பிடித்து இழுத்துவிட்டான்.

"எத்தனை நாளா பையன் இப்படி இருக்கான்?"

"இவனுக்கு இன்னா? ஆம்பளப் புள்ள, அப்படித்தான் இருப்பான். நான் காட்ட வந்தது இவள."

மூலையில் கைகட்டி உட்கார்ந்திருந்த மகளைக் காட்டினாள். டாக்டர் அவளிடம் பெயர் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் தம்பி ரோட்டைப் பார்த்து ஓடினான். அவனைப் பிடிக்க அவளும் எழுந்து ஓடினாள்.

தனக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா டாக்டரம்மா, கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஓடுறத."