கூடப் பிறந்த எஞ்சின்

"அப்பா, கிளைட் மாமா கார் ஏன் இப்ப வேற குரல்ல பேசுது?"

வெர்னனின் மகள் ஜோலின் ஆறு வயதில், தேவாலய வாசலில், ஊரே நின்றிருந்தபோது சத்தமாகக் கேட்ட கேள்வி அது. வெர்னன் சட்டென்று அவள் வாயைப் பொத்தினார். அவருடைய நண்பர் கிளைட் மட்டும் சிரித்துவிட்டு, "அதுக்குச் சளி பிடிச்சிருக்கு, கண்ணு" என்றார்.

ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான். அந்த அருமையான காரின் எஞ்சினைக் கிளைட் கழற்றி விற்றுவிட்டாராம் என்று மிச்சிகனின் அந்தச் சின்ன ஊரில் அன்று கிளம்பிய பேச்சு, அவர் இறந்த பிறகும் ஓயவில்லை.

இன்று அதே வாசலில் ஞாயிறு ஆராதனை முடிந்து கார்க் கண்காட்சி. கார்களைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு வெர்னனுடையது. கிளைட்டின் மனைவி நடீன் அவர் விட்டுப்போன அந்த நைட் ஹாக் காரை உறுமவிட்டபடி வந்து நிறுத்தினாள். தொழிற்சாலை முந்நூறு மட்டும் செய்து நிறுத்திய வகை. பக்கவாட்டில் நீளும் சைலன்சர் குழாய்களும், பானெட்டின் மேல் புடைத்த காற்றுத் திறப்பும் கிளைட்டின் கைவேலை. அவருடைய பழைய ஃபிளானல் சட்டைகளால் துடைத்துத் துடைத்து, அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல வைத்திருந்தாள் நடீன்.

"முன்வரிசையில நிறுத்தணும், வெர்னன்."

கண்காட்சி நடத்தும் கார்ச் சங்கத்தின் விதி சின்னதுதான். காரில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முன்வரிசையில் நிற்க மட்டும், தொழிற்சாலையில் அதனோடு கூடப் பிறந்த எஞ்சினே உள்ளே இருக்க வேண்டும். எஞ்சினில் பொறித்த எண்ணும் காரின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

"பின்னாடி ஓட்டிட்டுப் போ, நடீன். கழிப்பறைப் பக்கம் நல்ல நிழல்" என்றார் சங்கத்து உறுப்பினர் டேல், ஹாட் டாக்கை மென்றுகொண்டே. "அதுக்குள்ள கெடக்கறது ஏதோ லாரி எஞ்சின். உன் புருஷன் ஒரு தடவையாவது சோதனைக்கு பானெட்டைத் தெறந்தானா?"

"கூடப் பிறந்ததுதான்னு எங்கிட்ட சொல்லியிருக்காரு."

"சொல்லுவான். டொலீடோ டவுன்ல ஒருத்திக்கு வீடு பிடிச்சுக் குடுத்தானாமே, அதுக்குக் காசு வானத்துலேர்ந்தா விழுந்துச்சு?"

சுற்றி நின்றவர்களில் ஒருவர் இருமினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நடீன் வெர்னன் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே பாருங்க, வெர்னன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க."

"நிச்சயமா பார்க்கணுமா, நடீன்?"

"பார்க்கணும். இதுல அவரு பொய் சொல்லியிருந்தா, இத்தனை வருஷத்துல வேற எதெல்லாம் பொய்யோ? எதை நம்பிக்கிட்டு நான் கல்லறைக்குப் பூ எடுத்துட்டுப் போறது?"

வெர்னன் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தார். 'கர்த்தரே, இது இன்றோடு முடியட்டும்' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு பானெட்டுக்கு அடியில் குனிந்தார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"என்னப்பா, உள்ள உக்காந்து வேதம் படிக்கறியா? நம்பரைச் சொல்லு" என்றார் டேல். முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த காரின் எண்ணின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"நாலு."

"ம். நாலு."

"பூஜ்யம்... ஏழு."

டேல் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஒன்பது. ரெண்டு."

நடீன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி நம்பர் என்ன?" டேலின் குரல் இறங்கியிருந்தது.

"எட்டு."

டேல் வந்து கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தானும் குனிந்தார். நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது.

"சரியாத்தான் இருக்கு. ஆனா போல்ட்டெல்லாம் புதுசா மின்னுதே?"

வெர்னன் டார்ச்சை அணைத்தார். "கிளைட் போன பிறகு குளிர்காலம் முழுக்க வண்டி என் கொட்டகையிலதான நின்னுச்சு. நடீன் பிரேக் பார்க்கச் சொல்லியிருந்தா. இந்த மாதிரி வண்டியைக் கையில வெச்சுக்கிட்டுத் துடைக்காம இருக்க முடியுமா?"

டேல் தொப்பியைக் கழற்றினார். "நடீன், அந்த டொலீடோ சமாச்சாரம்... நான் பார்த்ததில்ல. யாரோ சொன்னதுதான்."

"ஹாட் டாக் ஆறிடும், டேல். சாப்பிடுங்க" என்றாள் நடீன். பிறகு காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் அழுது முடிக்கும்வரை எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன்பின் நைட் ஹாக் மெல்ல உருண்டு போய் முன்வரிசையில் நின்றது.

மாலையில் வெர்னன் வீட்டுக்குத் திரும்பிக் கொட்டகையைத் திறந்தார். ஓரமாகப் போர்த்தியிருந்த தன் பழைய காரின் பானெட்டைத் தூக்கினார்.

ஜோலினுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்த அந்தப் பனிக்காலத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இவருடைய காரின் எஞ்சின் வெடித்துப்போனது. வேறு வாங்கப் பணமில்லாமல் நின்றவரிடம், "பிள்ளையை முதல்ல பாரு. யார்கிட்டயும் சொல்லாதே, நடீன்கிட்டகூட" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, கிளைட் தன் காரிலிருந்து கழற்றி மாட்டிவிட்ட எஞ்சின், அவர் இறக்கும்வரை இங்கேதான் இருந்தது.

அந்த இடத்தில் இப்போது சிமெண்டுத் தரை தெரிந்தது.