ஒரு விரல் அளவு

தெற்கு மாட வீதி மருந்துக்கடையில் காலை வெயில் கண்ணாடி ஜாடிகளின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. சுவரில் பற்பொடி கம்பெனிக்காரன் ஒட்டிவிட்டுப் போன படத்தில் ஒருத்தி, உலகத்தில் வேறு கவலையே இல்லாதவள்போல், எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாள். அதற்குக் கீழே, சித்தாள் வேலைக்குப் போகிற வழியில், சிமென்ட் காய்ந்த சேலையோடு தேவானை நிற்கிறாள், இடுப்பில் மகள். “காரம் பட்டா வாயெல்லாம் எரியுது நைனா. எதுனா மருந்து குடு.” கடைக்காரர் கருணாகரன் டார்ச்சை எடுக்கிறார். “நன்னாத் திறம்மா.” “இம்மாந்தான் தொறக்குது.” ஒரு விரல் நுழைகிற இடைவெளி. உள்ளே கன்னம் வெளுத்து, காய்ந்த தோலாக விறைத்துக் கிடக்கிறது. எல்லாம் பாக்கு செய்த வேலை. இலவசமாகக் கொடுக்க வைத்திருக்கும் பிரஷ் ஒன்றை எடுத்தவர், அது இந்த வாய்க்குள் எப்படிப் போகும் என்று திகைக்கிறார். “பாக்கை விட்டுடும்மா. இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ.” “பாக்கு இல்லாங்காட்டி பசி எப்டி தாங்கும் நைனா? ஆஸ்பத்திரிக்குப் போனா கூலி யாரு குடுப்பா?” அதற்கான மருந்து எந்த ஜாடியிலும் இல்லை. பிரஷ்ஷை நீட்டுகிறார். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறாள். “பசிக்குதும்மா” என்று குழந்தை வீறிடுகிறது. அரிசிப் பற்கள் அத்தனையும் தெரிய வாய் ஆவென்று திறக்கிறது. எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்று கருணாகரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தேவானை முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு துண்டுப் பாக்கை அந்த வாய்க்குள் வைக்கிறாள். அழுகை நின்றுவிடுகிறது.