உண்ணி இல்லாத காது

சிமலோயின் கன்றுக்குட்டியின் காதுகளை டாக்டர் நஃபுலா இரண்டாம் முறையாக விரித்துப் பார்த்தார். ஓர் உண்ணிகூட இல்லை.

மற்ற கன்றுகளின் காதுக்குள் முப்பது, நாற்பது என்று கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. இது ஐந்தாவது வாரம். ஐந்து வாரமும் சிமலோயின் கன்றுக்கு மட்டும் பூஜ்யம்.

"பிடுங்கிப் போடறீங்களா, சிமலோய்?"

"நான் தொடவே இல்ல டாக்டர்."

சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் எங்களில் ஒருவர்கூட நம்பவில்லை.

உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு தடுப்பூசி கண்டுபிடித்து, அது பலிக்கிறதா என்று பார்க்க நைரோபியிலிருந்து டாக்டரும் அவருடைய ஆட்களும் வந்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு கன்று என்று பத்துக் கன்றுகளுக்கு ஊசி போட்டார்கள். சிலதுக்கு மருந்து, சிலதுக்கு வெறும் தண்ணீர். எதற்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். இரண்டு மாதம் உண்ணியைக் கடிக்க விட வேண்டும், மருந்து தெளிக்கக் கூடாது, ஒன்றைக்கூடக் கொல்லக் கூடாது. அதுதான் பேச்சு. ஊசி பலித்தால் எங்கள் எல்லாக் கன்றுக்கும் இலவசமாகப் போடுவார்கள். யாராவது ஏமாற்றினால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

வருஷா வருஷம் பாதிக் கன்றுகளைப் பறிகொடுக்கிறவர்கள் நாங்கள். சிமலோய் மேல் ஆத்திரம் வராமல் எப்படி இருக்கும்?

அவளுக்கு இருப்பது ஒரே பசு, ஒரே கன்று. கன்று முட்டாவிட்டால் எங்கள் மாடு மடி சுரக்காது. கன்று போனால் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பால் போச்சு. புருஷனும் உயிரோடு இல்லை. எல்லாம் தெரியும்தான். அதற்காக ஊரார் வாயில் மண்ணைப் போடலாமா?

பக்கத்துக் குடிசை நைமுடியே கேட்டே விட்டாள்.

"உன் ஒரு கன்னு பிழைக்க எங்க அத்தனை கன்னும் சாகணுமாடி?"

சிமலோய் பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். யாரும் மசியவில்லை. டாக்டர் நோட்டை மூடினார். இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடர முடியாது, இன்றோடு கிளம்புகிறோம் என்றார்.

சிமலோய்க்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கம்பை ஊன்றி ஓரமாக நின்றிருந்த லெமாயான் பெரியவர் பக்கம் கையை நீட்டினாள்.

"என்னையே பிடுங்கறீங்களே, அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவர் கன்னு காதுல இருநூறு உண்ணி. பாத்துக்கிட்டே சாக விட்டாரு. அறுபது மாடு வெச்சிருக்கறவருக்கு ஒண்ணு போனா என்ன?"

அந்தக் கன்று அன்று விடியும் நேரத்தில்தான் உண்ணிக் காய்ச்சலில் செத்திருந்தது. காதடியில் கட்டி, மூக்கெல்லாம் நுரை. முள்வேலிக்கு வெளியே இன்னும் கிடந்தது. மாடுதான் உயிர் என்று வாழும் மாசாய் இனம் எங்களுடையது; கன்றைக் கவனிக்காதவனை நாங்கள் மனுஷனாகவே மதிப்பதில்லை. பெரியவர் காதில் விழும்படியே காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் அவரிடம் போனார். ஒரே பட்டியில் படுத்து, ஒரே புல்லில் மேய்கிற கன்றுகளில் ஒன்றுக்கு மட்டும் எப்படி இத்தனை உண்ணி ஏறும், தனக்குப் புரியவேயில்லை என்றார்.

"அந்தப் பொண்ணை விடுங்க," என்றார் பெரியவர், தரையைப் பார்த்தபடி. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ தண்ணிக்குப் போனதும் தினம் நான்தான் அந்தக் கன்னுகிட்ட போவேன். காதுல இருந்ததையெல்லாம் எடுத்தது நான்தான்."

சிமலோயின் நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"கொல்லக் கூடாதுன்னு அவ்வளவு தூரம் சொன்னேனே, பெரியவரே," என்றார் டாக்டர்.

"உங்க பேச்சை மீறல டாக்டர். ஒண்ணைக்கூடக் கொல்லல," என்றார் லெமாயான். "எல்லாத்தையும் கொண்டுபோய் என் கன்னு காதுல விட்டேன்."