அணைந்த மலைக்குப் பெயர்

“செத்தவங்க பேரைத்தான் வைக்கலாமாம் சார்.”

நான் விதியைப் படித்துக் காட்டியதும், தான் உயிரோடிருப்பதை எண்ணி இயக்குநர் முதல்முறையாக வருந்தினார்.

நாலாயிரம் மீட்டர் ஆழத்தில், கடலின் அடித்தரையில், எந்தக் காலத்திலோ அணைந்துபோன எரிமலை அது; அதற்குத்தான் பெயர். கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி அளந்த எண்களை வைத்து, இந்த மேசையில் நான்தான் வரைபடம் போட்டேன்.

இயக்குநருக்குக் கடல் என்றாலே குமட்டல், துறைமுகம் தாண்டியதில்லை. ஆனாலும் இன்று ஓய்வுபெறுகிறார். போகிறபோது ஒரு மலையாவது வேண்டாமா?

குறுக்கும் நெடுக்கும் நடந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். சட்டென்று முகம் மலர்ந்தது.

“எனக்கு எங்க தாத்தா பேருதாம்மா வச்சிருக்கு! அவரு போய்ச் சேர்ந்து நாப்பது வருஷமாச்சு. அவரைப் போடு.”

“கடலுக்கும் அவருக்கும் என்ன தொடர்புன்னு விண்ணப்பத்துல கேட்டிருக்காங்க.”

தாத்தா ஆணியும் பூட்டும் விற்றவர். ‘ஆயுள் முழுவதையும் கடையில் கழித்தார்’ என்று துண்டுத்தாளில் எழுதிப் பார்த்தேன். இயக்குநர் பேனாவைப் பிடுங்கி, ‘கடையில்’ என்பதைக் ‘கடலில்’ ஆக்கினார்.

“ரெண்டெழுத்துதானே. தாத்தா கோவிச்சுக்க மாட்டாரு.”

நிரப்பாத விண்ணப்பத்தின் அடியில் மலையளவு கையெழுத்துப் போட்டார். அழகாக எழுதி ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லிவிட்டு, கீழே கூடத்தில் நடக்கும் தம்முடைய பாராட்டு விழாவுக்கு ஓடினார்.

விண்ணப்பத்தை இழுத்துக்கொண்டேன். உட்கார முடியவில்லை. நின்றபடியே எழுதினேன்.

பெயர் என்ற இடத்தில், கப்பலில் ஒலிக்கருவி முன் உட்கார்ந்து அந்த மலையை முதலில் கண்டவரின் பெயரை எழுதினேன்.

மூன்று வருடங்களுக்கு முன் கப்பல் அவரில்லாமல் திரும்பியது. ஆவணங்களில் இன்றுவரை ‘காணாமல்போனவர்’தான். வேறு சொல் போட்டு அலுவலகம் நீட்டிய எந்தத் தாளிலும் நான் கையெழுத்திட்டதில்லை.

எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது. உள்தாழ் போடாமல்தான் தூங்குகிறேன்.

அடுத்த கட்டம்: இறந்த தேதி.

கீழே கூடத்தில் கைதட்டினார்கள்.

எழுதினேன்.