ஒற்றைச் சமக்குறி

செல்வமாரியின் புரோகிராம் எத்தனை தடவை ஓட்டினாலும் ‘விதை’ என்றே சொன்னது.

மழை பெய்திருந்தால் விதை, இல்லையென்றால் பொறு. கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர் உமாதேவி வகுப்புக்குக் கொடுத்த கணக்கு அவ்வளவுதான். பெய்யவில்லை என்று மழைக்குப் பூஜ்யம் கொடுத்துப் பார்த்தாள் செல்வமாரி. அப்போதும் ‘விதை’.

இஃப் வரியில் இரண்டு சமக்குறி வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது.

“ரெண்டு போட்டாத்தான் அது கேள்வி. ஒண்ணு மட்டும் போட்டா, மழை பெஞ்சிட்டுன்னு நீயே சொல்லிருதே.”

“எங்க ஊரு எப்போதும்வென்றான்ல புழுதி விதைப்பு டீச்சர். மழையக் கேட்டுக்கிட்டா விதைக்குதோம்?”

வகுப்பு சிரித்தது. உமாதேவியும் சிரித்தாள். செல்வமாரி விட்ட குறியைச் சேர்த்தாள். ‘பொறு’ வந்தது.

சென்டரைப் பூட்டிவிட்டு இறங்கும்போது, உமாதேவி இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பொட்டலம் போதும். அவ்வளவுதானே.

தெருமுனையில் பூவனநாதன் தோசைக்கடை. அவள் தலையைக் கண்டதுமே கல்லில் இரண்டு பேருக்கு மாவு விழும். டீச்சருக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று, அவருக்கு மட்டும் பொடி தூக்கலாக. ஒன்று போதும் என்றால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். பொட்டலம் கைக்கு வரும்வரை அவளுக்கு நாக்கு எழாது.

இன்று கல்லடியில் பூவனநாதனின் மனைவி முத்துமாரியம்மாள் நின்றாள். அவர் விசேஷம் ஒன்றுக்குக் கழுகுமலை போயிருந்தார். முத்துமாரியம்மாள் மாவை அள்ளிக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள்.

“வீட்ல அண்ணாச்சி இருக்காவளா டீச்சர்?”



போன பங்குனியில் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதிலிருந்து, இந்த ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பொடி தூக்கலான அந்தப் பொட்டலத்தைத் தினமும் காலையில் தானே பிரித்துத் தின்பதையும் சொல்லியிருப்பாள்.

“இல்லக்கா. அவிய இனி வர மாட்டாவ.”

முத்துமாரியம்மாள் அள்ளிய மாவைச் சட்டியிலேயே விட்டாள். பொட்டலத்துக்குக் கிழித்து வைத்திருந்த இரண்டு இலையில் ஒன்றை எடுத்தாள். மேஜையில் விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

பிறகு பெஞ்சைக் காலால் இழுத்துப் போட்டாள்.